இளம் வேட்டை நாய் விரைவில் களைப்பது ஏன்?

பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் நெல்லும் கரும்பும் மணிலாவும் பயிரிடும் சிறு விவசாயிகளில் பலர் நாய் வளர்க்கிறார்கள். இரவில் களத்துமேட்டுக்குக் காவல், ஆட்டுப்பட்டிக்குத் துணை, சம்பா அறுவடைக்குப் பின் வரப்புகளில் எலியும் பெருச்சாளியும் பிடிப்பது என்று அதற்கு வேலை உண்டு. இதற்காகச் சிலர் தெற்கு மாவட்டங்களிலிருந்து சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் இனக் குட்டிகளை நல்ல விலை கொடுத்து வாங்கி வருகிறார்கள். நாட்டு நாயிலேயே வேகமுள்ள குட்டியைப் பொறுக்கி வளர்ப்போரும் உண்டு.

குட்டிக்கு எட்டு, பத்து மாதம் ஆனதும் வயலுக்கு அழைத்துப் போகிறார்கள். சில குட்டிகள் கால் மணி நேரம் ஓடியதும் நாக்கைத் தொங்கவிட்டு நிழலில் படுத்துவிடுகின்றன. கூப்பிட்டாலும் எழுவதில்லை. "இது சோம்பேறி, வேலைக்கு ஆகாது" என்று முடிவு கட்டி, அடித்து விரட்டுவதும் ஊர்க்கோடியில் விட்டுவிடுவதும் நடக்கிறது. இப்படி ஒதுக்கப்படும் நாய்களில் பல சோம்பேறிகள் அல்ல, நோயாளிகள். அந்த நோய்களில் பெரும்பாலானவை நேரத்தோடு கண்டுபிடித்தால் குணமாகக்கூடியவை. கவனிக்காமல் விட்டால் சில வாரங்களில் உயிரை வாங்கக்கூடியவையும் அவற்றில் உண்டு. ஆகவே காரணத்தை முறையாகத் தேடுவது அவசியம்.

களைப்பு இயல்பானதா?

முதலில் பார்க்க வேண்டியது வயது. ஒரு வயது வரை நாயின் எலும்புகள் வளர்ந்துகொண்டிருக்கும். உயரமான இனங்களில் இது மேலும் சில மாதங்கள் நீடிக்கும். எட்டு மாதக் குட்டி வளர்ந்த நாய்க்குச் சமமாக ஒரு மணி நேரம் ஓடாதது குறை ஆகாது. அப்படி ஓட்டினால் மூட்டுகள்தான் கெடும்.

அடுத்தது இனம். சிப்பிப்பாறையும் கன்னியும் பார்வையால் இரையைக் கண்டு பாய்ந்து ஓடும் இனங்கள். சிறிது தூரத்தை மிக வேகமாகக் கடந்து, பிறகு படுத்து இளைப்பாறுவது அவற்றின் இயல்பு. நாள் முழுவதும் மோப்பம் பிடித்து நடக்கும் நாயோடு அவற்றை ஒப்பிடக் கூடாது. அதே ஈற்றில் பிறந்த மற்றொரு குட்டி அருகில் இருந்தால் அதனோடு ஒப்பிடுவதே சரி.

மூன்றாவது வெயில். நாய்க்கு மனிதனைப் போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. பாதங்களில் சிறிது வியர்க்கும். மற்றபடி மூச்சு இரைத்தே அது உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காற்றில் ஈரம் மிகுந்த கடலோரப் பகுதியில் இந்த வழியும் சரியாக வேலை செய்யாது. ஆகவே சித்திரை, வைகாசி மாதங்களில் காலை ஏழு மணிக்கு மேல் ஓட்டிப் பார்த்துவிட்டு நாய் களைக்கிறது என்று சொல்வதில் பொருளில்லை.

நான்காவது வலி. காலில் கருவேல முள் ஏறியிருந்தாலோ, பாதத்தின் தோல் தேய்ந்திருந்தாலோ, மூட்டில் நோவு இருந்தாலோ நாய் ஓட மறுக்கும். இது களைப்புப் போலவே தோன்றும். ஒவ்வொரு விரலிடுக்கையும் விரித்துப் பார்ப்பது நல்லது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை

குளிர்ந்த விடியற்காலையில், வெறும் வயிற்றில், நாயைச் சோதிக்க வேண்டும். முதலில் நாய் அமைதியாகப் படுத்திருக்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ண வேண்டும். ஆரோக்கியமான நாய் நிமிடத்துக்கு 10 முதல் 30 முறை மூச்சு விடும். தூங்கும்போதே 30-க்கு மேல் இருந்தால் அது கவனிக்க வேண்டிய அறிகுறி. பின்தொடையின் உட்புறம் விரலை வைத்தால் நாடி தெரியும். அதையும் எண்ணிக் குறித்துக்கொள்ளலாம்.

பிறகு நாயைப் பத்து நிமிடம் அதன் விருப்பப்படி ஓடவிட்டு, ஓடி முடித்தவுடன் ஒருமுறையும், பத்து நிமிடம் கழித்து மற்றொருமுறையும் எண்ண வேண்டும். நல்ல நிலையில் உள்ள நாய்க்கு இந்தப் பத்து நிமிடத்தில் மூச்சு பெரும்பாலும் அடங்கிவிடும். அரை மணி ஆகியும் அடங்காவிட்டால் உடம்பில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று கொள்ளலாம். மூன்று நாள் இப்படிக் குறித்து வைத்த காகிதம் கால்நடை மருத்துவருக்குப் பெரிய உதவியாக இருக்கும். ஆனால் காய்ச்சலோ, இரத்தப்போக்கோ, மயக்கமோ உள்ள நாயை ஓடவிட்டுச் சோதிக்கக் கூடாது. அதை நேரே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

அடுத்து, உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்க வேண்டும். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் வெளுத்து, எடுத்ததும் இரண்டு விநாடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும். நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈறு கறுப்பாக இருக்கும். அவற்றுக்குக் கீழ் இமையை இழுத்து உட்புறத்தைப் பார்க்கலாம். ஈறு வெளுத்திருந்தால் இரத்த சோகை. மஞ்சளாக இருந்தால் காமாலை. நீலம் பாய்ந்திருந்தால் இருதயம் அல்லது நுரையீரல் கோளாறு. ஓடியபின் செங்கல் நிறமாகச் சிவந்திருந்தால் உடல் சூடு மிகுந்துவிட்டது என்று பொருள்.

ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்த்தால் ஓய்வில் உள்ள நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். மனிதனின் கணக்கில் இது காய்ச்சல். நாய்க்கு இதுவே இயல்பு. மூக்கு ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக் காய்ச்சலை முடிவு செய்வது தவறு.

கொக்கிப்புழு

ஈறு வெளுத்த இளம் நாயில் முதலில் சந்தேகிக்க வேண்டியது கொக்கிப்புழு. இது சிறுகுடலின் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் உறிஞ்சும். ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.1 மில்லி இரத்தத்தை வீணாக்குகிறது. இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் நூறு புழுக்கள் இருந்தால் நாளுக்கு 10 மில்லி. ஐந்து கிலோ எடையுள்ள குட்டியின் உடம்பில் மொத்தமே 400 மில்லி அளவுக்குத்தான் இரத்தம் உண்டு. ஒரு மாதத்தில் போகும் 300 மில்லியை உடம்பு ஈடுகட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கஞ்சியும் சோறும் மட்டுமே தின்னும் குட்டியால் அது முடியாது. இரத்தம் குறைந்தால் தசைகளுக்குப் பிராணவாயு போதாது. அதனால்தான் குட்டி நடக்கும்போது தெரியாத பலவீனம் ஓடும்போது தெரிகிறது.

இப்புழு தாய்ப்பாலின் வழியாகவே குட்டிக்கு வந்துவிடும். ஈரமான மணலில் பொரித்த இளம்புழுக்கள் தோலைத் துளைத்தும் உள்ளே போகும். கறுத்த, தார் போன்ற மலம் இதன் அடையாளம். ஆனால் மலத்தில் புழு கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் புழு இல்லை என்று கொள்ளக் கூடாது. இதன் முட்டையை உருப்பெருக்கியில்தான் பார்க்க முடியும். சிறிது மலத்தை மூடியுள்ள டப்பியில் எடுத்துச் சென்றால் கால்நடை மருத்துவரால் சோதித்துச் சொல்ல முடியும்.

குட்டி பிறந்த இரண்டாம் வாரம் முதல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எனப் பால் மறக்கும் வரையிலும், பிறகு ஆறு மாத வயது வரை மாதம் ஒருமுறையும், அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் குடற்புழு நீக்க மருந்து தருவது நல்லது. எடை பார்த்து அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். தாய் நாய்க்கும் உடன் மருந்து தருவது அவசியம்.

இதில் வீட்டுக் குழந்தைகளின் நலனும் அடங்கியிருக்கிறது. நாயின் கொக்கிப்புழு இளம்பருவத்தில் மனிதத் தோலிலும் நுழைந்து, ஊறலோடு கூடிய வளைந்த சிவப்புக் கோடுகளை உண்டாக்கும். நாய் மலம் கழித்த மணலில் குழந்தைகள் வெறுங்காலோடு விளையாடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மலத்தை அன்றன்றே அள்ளிப் புதைத்துவிட வேண்டும்.

உண்ணியால் வரும் காய்ச்சல்கள்

புழு மருந்து கொடுத்தும் குட்டி தேறாவிட்டால் அடுத்த சந்தேகம் உண்ணி. காது மடலின் உட்புறம், விரலிடுக்கு, கழுத்துப் பட்டைக்குக் கீழ், அக்குள் ஆகிய இடங்களில் தேட வேண்டும். பழுப்பு நிற நாய் உண்ணி இரத்தத்தோடு கண்ணுக்குத் தெரியாத நோய்க்கிருமிகளையும் பரப்புகிறது. எர்லிக்கியா என்னும் கிருமி இரத்தத்தின் வெள்ளை அணுக்களில் குடியேறும். பபீசியா என்னும் கிருமி சிவப்பு அணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கும். இரண்டும் ஒரே நாயில் சேர்ந்து இருப்பதும் உண்டு.

எர்லிக்கியா நோய் முதன்முதலில் 1935-ஆம் ஆண்டில் அல்ஜீரியாவில் இரு பிரெஞ்சு ஆய்வாளர்களால் கண்டறியப்பட்டது. பல ஆண்டுகள் இதை யாரும் பெரிதாகக் கருதவில்லை. 1960-களில் சிங்கப்பூரிலிருந்த பிரிட்டிஷ் ராணுவ நாய்களிலும், அந்தப் பத்தாண்டின் இறுதியில் வியட்நாமில் அமெரிக்க ராணுவ நாய்களிலும் இது பரவியது. வியட்நாமில் நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் மாண்டன. நன்கு உணவூட்டி, பயிற்சி கொடுத்து, மருத்துவர்களின் நேரடிக் கண்காணிப்பில் இருந்த நாய்கள் அவை. முதலில் அவை சோர்ந்தன; இளைத்தன; பிறகு மூக்கிலிருந்து இரத்தம் கொட்டி இறந்தன. அதன் பின்னரே உலகம் இந்த நோயைக் கூர்ந்து கவனித்தது. ராணுவ முகாமிலேயே நழுவிய நோய் கிராமத்து வீட்டில் நழுவுவதில் வியப்பில்லை.

உண்ணி கடித்த ஒன்று முதல் மூன்று வாரத்தில் காய்ச்சல், பசியின்மை, கண்ணில் பீளை, சோர்வு ஆகியவை தோன்றும். சில வாரங்களில் இவை தாமாகவே குறைந்து நாய் தேறியது போல் தெரியும். இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். கிருமி உடம்பிலேயே மாதக்கணக்கில், சிலவற்றில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். இந்தக் காலத்தில் நாய் தின்னும், வாலாட்டும். ஓடினால் மட்டும் களைக்கும். கடைசிக் கட்டத்தில் எலும்பு மச்சை கெட்டு, இரத்தம் ஊறுவது நின்றுவிடும். அப்போது மருந்து பயன் தருவது அரிது. ஆகவே களைப்பு மட்டுமே தெரியும் கட்டத்தில் கண்டுபிடிப்பதே நாயைக் காப்பாற்றும் வழி.

பபீசியாவில் சிறுநீர் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் போகலாம். ஈறு வெளுத்தோ மஞ்சளாகவோ இருக்கும். இதன் ஒரு வகை, நாய்கள் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும்போதும் பரவும். உடம்பில் ஓர் உண்ணிகூட இல்லாத, ஆனால் சண்டைக்குப் போய்வரும் நாய்க்கும் இது வரலாம்.

காதுமடலில் எடுத்த ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றிப் பார்த்தால் இக்கிருமிகள் பல சமயம் தெரிந்துவிடும். இரத்த அணுக்களின் எண்ணிக்கையும் பார்ப்பது நல்லது. முதலில் வட்டாரக் கால்நடை மருந்தகத்தை அணுகலாம். கூடுதல் சோதனை தேவைப்பட்டால் புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ்காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு செல்லலாம். வில்லியனூர்ப் பகுதியினருக்கு அது தொலைவும் அல்ல.

எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் மருந்து பொதுவாக 28 நாள் தரப்படுகிறது. மூன்றாம் நாளே காய்ச்சல் இறங்கி நாய் துள்ளத் தொடங்கும். அத்தோடு மருந்தை நிறுத்தினால் கிருமி மிஞ்சி, நோய் திரும்பும். பபீசியாவுக்கு வேறு மருந்து. அதிலும் வகைக்கு வகை மருந்து மாறும். எனவே அடுத்த வீட்டு நாய்க்கு எழுதிக் கொடுத்ததை வாங்கித் தருவது பயனற்றது.

உண்ணியை ஒழிப்பது

வயிறு நிறைந்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் வெடிப்பிலும் கூரை இடுக்கிலும் 4,000 முட்டை வரை இடும். எனவே நாயின் மேல் மட்டும் மருந்து போட்டால் போதாது. நாய் படுக்கும் இடத்தின் சுவர் வெடிப்புகளை மண்ணோ சுண்ணாம்போ வைத்துப் பூச வேண்டும். பழைய சாக்குகளை எரித்துவிட வேண்டும். மருத்துவர் சொல்லும் மருந்தை நாய்க்கும் இடத்துக்கும் சேர்த்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாகச் சில தடவை பயன்படுத்த வேண்டும்.

பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தை நாயின் மேல் பூசுவது பெருந்தவறு. நாய் அதை நக்கி, வாயில் நுரை தள்ளி, வலிப்புக் கண்டு சாகும். மாட்டுக்கான உண்ணி மருந்தை அளவு தெரியாமல் தருவதும் ஆபத்தே. காய்ச்சலுக்கென்று மனிதர் தின்னும் பாரசிட்டமால், வலி மாத்திரைகள் ஆகியவற்றையும் தாமாகத் தரக் கூடாது. அவை நாயின் ஈரலையும் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இருதயக் கோளாறு

ஈறு சிவப்பாக இருந்தும், உண்ணியோ புழுவோ இல்லாமலும் நாய் களைத்தால் இருதயத்தைச் சோதிக்க வேண்டும். சில குட்டிகள் பிறவியிலேயே இருதயக் குறையோடு பிறக்கும். உடன்பிறந்த குட்டிகளைவிடச் சிறுத்திருப்பது, ஓடும்போது நாக்கு நீலம் பாய்வது, இருமுவது, திடீரென்று மயங்கி விழுவது ஆகியவை அறிகுறிகள். மருத்துவர் குழல் வைத்துக் கேட்டால் இருதயத்தில் இரைச்சல் தெரியும். விலை கொடுத்துக் குட்டி வாங்குவோர் முதல் தடுப்பூசியின் போதே இந்தச் சோதனையைச் செய்யச் சொல்வது நல்லது.

1978 முதல் உலகெங்கும் பரவி, 1980-களின் தொடக்கத்தில் சென்னையிலும் காணப்பட்ட பார்வோ வைரஸ் நோய், இரத்தக் கழிச்சலை உண்டாக்குவதோடு மிக இளம் குட்டிகளின் இருதயத் தசையையும் தாக்கக்கூடியது. அதில் பிழைத்த குட்டி பின்னாளில் களைக்கலாம். தடுப்பூசியால் இதைத் தவிர்க்கலாம். கொசுவால் பரவும் இருதயப் புழு நாட்டின் வடகிழக்கு மாநிலங்களில் மிகுதி. கொசு கடித்து ஆறு மாதம் சென்றே அப்புழு முதிரும் என்பதால் ஐந்து மாதக் குட்டியின் களைப்புக்கு அது காரணமாகாது.

எலியும் எலி மருந்தும்

எலி பிடிக்கும் நாய்க்குத் தனி அபாயங்கள் உண்டு. மருந்து தின்ற எலியை நாய் தின்றால் நஞ்சு நாய்க்கும் ஏறும். இரத்தம் உறையாமல் செய்யும் வகை மருந்தானால் மூன்று முதல் ஐந்து நாள் கழித்தே அறிகுறி தெரியும். நாய் காரணமின்றிச் சோரும்; ஈறு வெளுக்கும்; நெஞ்சுக்குள்ளோ வயிற்றுக்குள்ளோ இரத்தம் கசியும். மருந்து வைத்த விவரத்தைச் சொன்னால் மருத்துவர் வைட்டமின் கே ஊசி போட்டுக் காப்பாற்ற முடியும். மருந்து உறையையும் எடுத்துச் செல்ல வேண்டும். எலி மருந்து வைத்த வயலுக்கு நாயை அழைத்துப் போகாதிருப்பதே மேல்.

எலியின் சிறுநீர் கலந்த வயல் நீரால் லெப்டோஸ்பைரா என்னும் நோய் வரும். காய்ச்சல், வாந்தி, காமாலை, சோர்வு இதன் குறிகள். இது நாயிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். காலில் வெடிப்போ புண்ணோ உள்ளவர்கள் நோயுற்ற நாயின் சிறுநீரை மிதிக்கக் கூடாது. கூட்டுத் தடுப்பூசியில் இதற்கும் பாதுகாப்பு உண்டு. வெறிநோய்த் தடுப்பூசியை மூன்றாம் மாதத்திலும், பிறகு ஆண்டுதோறும் தவறாமல் போட வேண்டும்.

ஓட்டத்தின் நடுவே விழுந்தால்

வெயிலில் ஓடிய நாய் தள்ளாடி விழுந்து, உடம்பு கொதித்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். ஈரச் சாக்கைப் போர்த்தி மூடக் கூடாது. சூடு உள்ளேயே தங்கிவிடும். வாயில் வலிந்து தண்ணீர் புகட்டினால் புரையேறும். வெப்பம் 103 டிகிரிக்கு இறங்கியதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தி, மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். எழுந்து நடந்துவிட்டாலும் அன்றே காட்டுவது அவசியம்.

லேப்ரடார் இனத்திலும் அதன் கலப்பிலும் ஒரு பரம்பரைக் குறை உண்டு. ஐந்து முதல் இருபது நிமிடம் உற்சாகமாக ஓடியபின் பின்னங்கால்கள் துவண்டு விழும். அரை மணியில் எழுந்துவிடும். இதற்குக் காரணமான மரபணுவை 2008-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் கண்டறிந்தனர். இத்தகைய நாயைக் காவலுக்கு வைத்துக்கொள்ளலாம். கடும் ஓட்டத்துக்கும் இனப்பெருக்கத்துக்கும் கூடாது.

உணவும் ஓய்வும்

ஓடும் நாய்க்குக் கஞ்சியும் பழைய சோறும் மட்டும் போதாது. முட்டை, வேகவைத்த கருவாட்டுத் தலை, மீன், கோழிக் கழிவிறைச்சி, ஈரல் இவற்றில் கிடைப்பதை நன்றாக வேகவைத்துச் சோற்றோடு தினமும் சேர்க்க வேண்டும். கருவாட்டை முதலில் ஊறவைத்து உப்பை நீக்க வேண்டும். வேகவைத்த கோழி எலும்பு பிளந்து குடலைக் குத்தும். அதைத் தரக் கூடாது. வயிறு நிறையத் தின்ற நாயை இரண்டு மணி நேரத்துக்கு ஓடவிடக் கூடாது.

நோய் குணமான நாயை உடனே வேலைக்கு அனுப்பக் கூடாது. ஈறின் நிறம் திரும்பும் வரை ஓய்வு. பிறகு பத்து நிமிட நடை. வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டி, மூச்சு அடங்கும் நேரத்தை முன்போலவே எண்ணிவர வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டுமே ஓடவிடலாம்.

முயல், உடும்பு, கீரி, காட்டுப்பன்றி ஆகியவற்றை நாய் வைத்து வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊசுட்டேரி வில்லியனூருக்கு அருகிலேயே இருக்கிறது. அங்கு நாயை அவிழ்த்துவிடாதிருப்பது முக்கியம். வேட்டை இனத்து நாய்க்கு வயல் காவலும் எலி பிடிப்பும் போதிய வேலை.

இளம் நாய் களைத்துப் படுத்தால் கோலை எடுப்பதற்கு முன் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்க வேண்டும். காதைத் திருப்பி உண்ணியைத் தேட வேண்டும். மலத்தையும் ஒரு துளி இரத்தத்தையும் சோதிக்கச் செய்ய வேண்டும். இந்த மூன்றிலேயே பெரும்பாலான காரணங்கள் வெளிப்பட்டுவிடும். அவற்றுக்கு ஆகும் செலவு, புதுக் குட்டி ஒன்று வாங்கி மறுபடி ஓராண்டு வளர்க்கும் செலவை நோக்கச் சிறிதே.